கிடர்பூரில் காத்திருந்த ஞாயிறுகள்

ஹௌராவில் ரெயிலை விட்டு இறங்கி, தகரப்பெட்டியைத் தோளில் ஏற்றிக்கொண்டு ஆற்றங்கரைக்கு வந்தால், பாலத்தின் நடுப்பகுதியைக் காணவில்லை. ஹூக்ளி ஆற்றின் மேல் தோணிகளைப் பிணைத்துப் பலகை போட்ட மிதவைப் பாலம் அது. கப்பல்கள் போவதற்காக நடுத்துண்டைக் கழற்றி ஒதுக்கியிருந்தார்கள். எருமை வண்டிகளும், மூட்டை சுமப்பவர்களும், கோட்டுப் போட்ட பாபுக்களும் கரையில் குவிந்து நின்றார்கள். ஒருவரும் முகம் சுளிக்கவில்லை. கூட்டத்துக்குள் ஒருவன் பொரி விற்க ஆரம்பித்தான். பச்சை மிளகாயும் வெங்காயமும் போட்டுக் கடுகெண்ணெயில் பிசைந்த பொரி. எங்கள் பக்கம் கடுகைத் தாளிக்கத்தான் தெரியும். அதை ஆட்டி எண்ணெயெடுத்துப் பச்சையாகவே ஊற்றித் தின்னலாம் என்று அன்றுதான் தெரிந்தது. முதல் வாயில் மூக்கு எரிந்தது. பாதி தின்பதற்குள் இன்னொரு பொட்டலம் கேட்டுவிட்டேன்.

நான் திருநெல்வேலிச் சீமையில் மிஷன் பள்ளிக்கூட வாத்தியார். பெயர் வேதமுத்து. ஊர் சுற்றிப் பார்க்க நான் கல்கத்தா போகவில்லை. என் அக்கா ஞானப்பூ மோரீசுத் தீவிலிருந்து கப்பலில் வருவதாகச் செய்தி. கல்யாணமான புதிதில் புருஷனோடு கரும்புத் தோட்ட வேலைக்குப் போனவள். அப்போது நான் எழுத்துக்கூட்டிப் படிக்கிற பிள்ளை. அத்தான் அங்கேயே காய்ச்சலில் இறந்தார். அதன் பிறகும் அக்கா திரும்பவில்லை. மோரீசிலிருந்து ஊருக்கு வந்த உபதேசியார் ஒருவர்தான் எங்கள் வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னார்: "ஒங்க மக கிறிஸ்மசுக்கு முந்தி கல்கத்தாவுல எறங்குதா. அரிசி ஏத்தப் போற கப்பல். யாராச்சும் வரணும்னு சொல்லச் சொன்னா."

மெட்ராசுக்கே கப்பல் இருக்கும்போது அவள் ஏன் கல்கத்தாவில் இறங்குகிறாள் என்பது அவருக்கும் தெரியவில்லை, எங்களுக்கும் தெரியவில்லை. அம்மா, "கேட்டுக்கிட்டு நிக்காத, போய்க் கூட்டிட்டு வா" என்றாள்.

பாலம் சேர்ந்ததும் அக்கரைக்குப் போனேன். குதிரை இல்லாமல், தலைக்கு மேலே ஒரு கம்பியைத் தொட்டுக்கொண்டு ஓடும் டிராம் வண்டியை முதன்முதலாகப் பார்த்தேன். பார்த்த மயக்கத்தில் மைதானத்தருகே தப்பான டிராமில் ஏறிவிட்டேன். கிடர்பூருக்குப் போக வேண்டியவன் காளிகட்டத்துக்குப் போய்க்கொண்டிருந்தேன். பக்கத்தில் குடையோடு உட்கார்ந்திருந்த பாபு ஒருவரிடம் ஆங்கிலத்தில் கேட்டபோதுதான் தெரிந்தது. அவர் உடனே என்னோடு இறங்கினார். என் பெட்டியின் ஒரு பிடியை அவரே பிடித்துக்கொண்டு திரும்ப நடந்து, சரியான வண்டியில் ஏற்றி, கண்டக்டரிடமும் சொல்லிவிட்டுப் போனார். நன்றி சொன்னபோது, "எங்கள் ஊருக்கு முதல் தடவை வந்திருக்கிறீர்கள். வழி தவறினால் குற்றம் எங்களுடையது" என்றார். பெயரைக் கேட்க மறந்துவிட்டேன். அந்த மனிதரை நினைத்தால் இன்றைக்கும் கல்கத்தாவின் மேல் அன்பு சுரக்கிறது.

கிடர்பூரில் நான் தங்கியது சிங்காரவேலு முதலியார் வீட்டில். செங்கல்பட்டுக்காரர், துறைமுகத்தில் ஒரு கப்பல் கம்பெனியில் குமாஸ்தா. எங்கள் தலைமையாசிரியரின் சிநேகிதர். சைவக் குடும்பம். கிறிஸ்தவ வேதக்காரனாகிய எனக்கு வாசல் பக்கத்து அறையை ஒழித்துக் கொடுத்திருந்தார்கள். முதலியாரின் மனைவி தனபாக்கியம் அம்மாள் சோற்றைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, "கத்திரிக்கா நம்ம ஊரு மாதிரி இருக்காது. ஆனா இந்த ஊரு மண்ணுக்கு இது ஒரு ருசி. சாப்பிட்டுப் பாருங்க வாத்தியாரே" என்றார். சொன்னது சரிதான். அவ்வளவு பெரிய கத்திரிக்காயை நான் பார்த்ததில்லை. வட்டமாக வெட்டி வறுத்திருந்தார், வெண்ணெயாய்க் கரைந்தது.

மறுநாள் கிறிஸ்துவின் வருகைக் காலத்தின் முதல் ஞாயிறு. பக்கத்தில் வங்காளிக் கிறிஸ்தவர்களின் கோவில் ஒன்று இருந்தது. தயக்கத்தோடு போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். பாஷை ஒரு சொல் புரியவில்லை. பக்கத்திலிருந்த ஒருவர் என் கையிலிருந்த தமிழ்ச் சுவிசேஷத்தை எட்டிப் பார்த்துவிட்டு, தன் புத்தகத்தில் அதிகாரத்தின் எண்ணைக் காட்டினார். இயேசு கழுதைமேல் ஏறி எருசலேமுக்குள் வருகிற இடம். எங்கள் கோவிலிலும் அன்று காலையில் அதைத்தான் வாசித்திருப்பார்கள். அம்மா முன்வரிசைப் பாயில் உட்கார்ந்து கேட்டிருப்பாள்.

குருத்தோலை ஞாயிற்றுக்குரிய கதையை வருகைக் காலத்தின் வாசலில் ஏன் வைத்தார்கள் என்று நான் பல வருஷம் யோசித்ததுண்டு. அன்று கொஞ்சம் விளங்கியது. ராஜா வருகிறார், ஊரே கலங்கி, இது யார் என்று கேட்கிறது. காத்திருந்த ஜனங்களுக்கே வந்தவரை அடையாளம் தெரியவில்லை. நானும் முகம் மறந்துபோன ஒருத்திக்காக அல்லவா வந்து உட்கார்ந்திருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டேன்.

எண்ணைக் காட்டியவர் பிஸ்வாஸ் பாபு. அச்சுக்கூடத்தில் எழுத்துக் கோர்ப்பவர். ஆராதனை முடிந்ததும் என்னை விடவில்லை. வீட்டுக்கு அழைத்துப் போய்ச் சோறும் மீன் குழம்பும் போட்டார். முள்ளை எடுக்கத் தெரியாமல் நான் திணறியதைப் பார்த்து அவர் வீட்டுப் பெண்கள் சிரித்தார்கள். கடற்கரைச் சீமையில் பிறந்து மீன் தின்னத் தெரியாதவன் என்று பேர் வாங்கினேன்.

அந்த வாரம் முழுவதும் துறைமுகத்தைச் சுற்றினேன். தூத்துக்குடியில் கப்பல் தூரக் கடலில் நிற்கும், தோணியில்தான் சரக்கு கரை சேரும். இங்கே கப்பல்கள் ஊருக்குள்ளேயே வந்து, தெருவில் நிற்கிற தேர்போல நின்றன. சணல் மூட்டைகளின் வாசனை எங்கும் இருந்தது. கப்பல் உள்ளே வரும்போது சாலைப் பாலமே விலகி வழிவிடும்; வண்டிகள் எல்லாம் பேசாமல் காத்து நிற்கும். காத்திருப்பதில் இந்த ஊர் ஜனங்களுக்கு ஒரு பழக்கம் இருந்தது.

சனிக்கிழமை முதலியார் முகம் வாடி வந்தார். "வாத்தியாரே, ஒளிக்காம சொல்லிடறேன். வங்காளக் கடல்ல பெரிய காத்தாம். உங்க அக்கா வர்ற கப்பல் கொழும்ப விட்டுக் கிளம்பிடுச்சு. ஆத்து வாய்க்கு இன்னும் வந்து சேரல."

மறுநாள் இரண்டாம் ஞாயிறு. சமுத்திரமும் அலைகளும் முழங்கும், மனுஷருடைய இருதயம் பயத்தினால் சோர்ந்துபோகும் என்று ஆண்டவர் சொன்ன பகுதி. பாஷை புரியாமல் இருந்தது எனக்கு அன்று ஆறுதலாக இருந்தது. ஆனால் என் கையிலிருந்த தமிழ் என்னை விடவில்லை. வாசிக்க முடியாமல் மூடிவிட்டேன். பிஸ்வாஸ் பாபு புத்தகத்தை மறுபடியும் திறந்து, கொஞ்சம் கீழே விரலை வைத்தார். தலையை உயர்த்துங்கள் என்று சொல்லும் இடம். அதற்குக் கீழே அத்திமரம் துளிர்ப்பது வருகிறது. அவ்வளவு பெரிய அலைகளைச் சொன்ன அதே வாயால் ஆண்டவர் ஒரு மரத்தின் சின்னத் துளிரையும் சொல்கிறார். பயப்படுகிறவனுக்குப் பார்க்க ஏதாவது ஒன்று கையருகே வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

அடுத்த வாரமும் கப்பல் வரவில்லை. தனபாக்கியம் அம்மாள் ஒரு மண் கிண்ணத்தை நீட்டினார். "எதிர்வீட்டு மாஷிமா குடுத்தாங்க. குளிர்காலத்துலதான் இந்த வெல்லம் வரும். வாய்ல போடுங்க, மனசு கொஞ்சம் ஆறும்." ஈச்சம்பனைப் பதநீரைக் காய்ச்சிய வெல்லத்தைப் பாலாடைக்கட்டியில் பிசைந்து செய்த சந்தேஷ். எங்கள் கருப்பட்டிக்கு நிகர் உலகத்தில் இல்லை என்று வகுப்பில் சொல்லிக்கொடுத்தவன் நான். இந்த வெல்லத்தைத் தின்ற பிறகு அப்படிச் சொல்ல வாய் வராது.

மூன்றாம் ஞாயிறு யோவானின் முறை. சிறையிலிருக்கிற ஸ்நானகன் இயேசுவிடம் ஆள் அனுப்பி, வரவேண்டியவர் நீர்தானா, வேறு ஒருவருக்குக் காத்திருக்க வேண்டுமா என்று கேட்கிறான். வனாந்தரத்தில் சிங்கம்போல முழங்கியவனுக்கும் காத்திருந்து காத்திருந்து சந்தேகம் வந்துவிட்டது. ஆண்டவர் அவனைக் கடிந்துகொள்ளவில்லை. குருடர் பார்க்கிறார்கள், முடவர் நடக்கிறார்கள், போய்ச் சொல்லுங்கள் என்கிறார். அன்று முழுவதும் அந்தப் பொறுமையையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

செவ்வாய்க்கிழமை காலையில் முதலியார் செருப்புக்கூடப் போடாமல் ஓடிவந்தார். "ஆத்து வழி காட்டுற பைலட்டு ஏறிட்டான்! கப்பல் ஆத்துக்குள்ள வந்துடுச்சு! கெளம்புங்க!"

கப்பலிலிருந்து ஜனங்கள் பலகை வழியாக இறங்கினார்கள். அம்மாவின் சாயலைத் தேடி ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். ஆண்பிள்ளைக் கோட்டு ஒன்றைச் சேலைக்கு மேல் போட்டிருந்த நரைத்த தலைப் பெண் ஒருத்தி, கண் தெரியாத உயரமான ஒரு கிழவியின் கையைப் பிடித்து, இந்துஸ்தானியில் ஏதோ சொல்லிச் சொல்லி அடியெடுத்து வைக்க உதவிக்கொண்டு வந்தாள். வடக்கத்தியர் என்று நினைத்து அவர்களைத் தாண்டிப் பின்னால் பார்த்தேன்.

நரைத்த தலைக்காரி என் எதிரே நின்றுவிட்டாள்.

"ஏலே, நீ நம்ம அய்யா மாரியே நிக்கியே. வேதமுத்துதானே?"

"நீங்க..." என்று ஆரம்பித்தேன்.

"யாருலே நீங்க? அக்கான்னு கூப்புடுலே!"

கூப்பிட்டேன். முதலியார் வேறு பக்கம் திரும்பி மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

கண் தெரியாத பெண்ணின் பெயர் சுகியா. பீகாரில் சாப்ராப் பக்கம். அத்தான் இறந்து அக்கா காய்ச்சலில் கிடந்தபோது பக்கத்துக் குடிசையிலிருந்து வந்து கஞ்சி ஊற்றியவள். பிறகு சுகியாவுக்குக் கண் மங்கியது. இரண்டு பேருக்குமாக அக்கா கரும்பு வெட்டியிருக்கிறாள்.

"கண்ணு தெரியாதவள எப்பிடித் தனியா கப்பலேத்த?" என்றாள் அக்கா. "அதான் கல்கத்தா வந்தேன். இவள வீடு சேத்துட்டு நாம ஊருக்குப் போவோம்."

முதலியார் சாப்ராவுக்குத் தந்தி கொடுத்தார். சனிக்கிழமை சுகியாவின் தம்பி ராம்தனி முதலியார் வீட்டுக்கு வந்தார். வெள்ளை மீசை. தன் அக்காளின் காலில் விழுந்து குழந்தைபோல அழுதார். சுகியா அவர் தலையைத் தடவித் தடவி, ஒவ்வொரு மருமகளின் பெயராகக் கேட்டாள். பார்த்துக்கொண்டிருந்த எங்களுக்கெல்லாம் சந்தோஷம். கொஞ்ச நேரம் கழித்து அவர் தரையைப் பார்த்துக்கொண்டு பேசினார். அக்கா மெல்லத் தமிழில் சொன்னாள்: "கருந்தண்ணிக் கடலத் தாண்டினவள வீட்டுக்குள்ள விட்டா, பேத்திக்குப் பேசிவச்ச கல்யாணம் நின்னுபோவுமாம். இங்கயே எங்கயாச்சும் இருக்கச் சொல்லுதாரு. தானியம் அனுப்புவாராம்."

அக்கா பிறகு அவரிடம் இந்துஸ்தானியில் கத்தினாள். சுகியா கையை உயர்த்தி அவளை நிறுத்தினாள். "அவனைத் திட்டாதே. ராத்திரியெல்லாம் ரெயிலில் வந்திருக்கிறான். முதலில் சாப்பாடு போடச் சொல்" என்றாளாம். தம்பி சாப்பிட்டார். சாப்பிடும்போதும் அழுதார். அன்று சாயங்காலமே போய்விட்டார்.

அவர் போனதும் அக்கா என்னிடம் சொன்னாள்: "இவ நம்மகூட வருதா."

"அக்கா, யோசிச்சுப் பாரு. அம்மாவுக்கு வயசாச்சு. இவங்களுக்கு நம்ம பாஷை தெரியாது, நம்ம வேதமும் இல்ல. ஊர்ல கேப்பாவ. பாதிரி ஐயர் கேப்பாரு. என்ன சொல்ல?"

"நான் கெடந்து பொலம்பினப்போ எந்த ஊரு வந்து கேட்டுச்சு? அவ சாமி வேற, என் சாமி வேற. கஞ்சிப் பானை ஒண்ணுதான்." என்றாள் அக்கா. "இவ இல்லாம நான் வரமாட்டேன். அம்மாவ நெனச்சா நெஞ்சு வெடிக்குது. ஆனாலும் வரமாட்டேன்லே."

வெறுங்கையோடு திரும்பிப் போய் அம்மாவின் முன்னால் நிற்பதை நினைத்தேன்.

மறுநாள் நான்காம் ஞாயிறு. மூன்று பேரும் கோவிலுக்கு நடந்தோம். வழியில் அக்கா, "இன்னைக்கு யோவான்கிட்ட, நீ யாருன்னு ஆளனுப்பிக் கேக்க எடந்தானே?" என்றாள்.

எனக்கு ஆச்சரியம். "ஒனக்கு எப்பிடித் தெரியும்?"

"தோட்டத்துல கோவில் கெடையாது. ஞாயித்துக்கெழம சாயந்தரம் அந்தந்த வாரத்துக் கதைய இவளுக்குச் சொல்லுவேன். சின்னதுல கேட்டது மறக்குமா? நான் அலுத்துப்போயிப் படுத்தாலும் இவ விடமாட்டா. இந்த வாரம் அந்தப் பிள்ளைக்கு என்ன ஆச்சுன்னு கேட்டு எழுப்பிருவா."

எங்கள் கோவிலில் அம்மா கேட்டதும், இங்கே நான் கேட்டதும், கடலுக்கு நடுவில் கரும்புக் காட்டில் ஒரு இந்துப் பெண் கேட்டதும் வாரம் தவறாமல் ஒரே சுவிசேஷம். திருச்சபையின் வருஷம் என்பதை நான் பள்ளிக்கூடத்தில் படமாக வரைந்து நடத்தியிருக்கிறேன். அதில் இத்தனை பேர் சேர்ந்து நடக்கிறார்கள் என்பது எனக்குத் தெரியாது.

வாசிப்பு வந்தது. உங்கள் நடுவிலே ஒருவர் நிற்கிறார், அவரை நீங்கள் அறியவில்லை என்று யோவான் சொல்லுகிற வசனத்தில் என் விரல் நின்றது. தலையைத் தூக்கினேன். பெண்கள் பக்கத்தில் சுகியா உட்கார்ந்து, புரியாத வங்காளியை முகமெல்லாம் கவனமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். தம்பி கைவிட்டுப் போன மறுநாள். அந்த முகத்தில் கசப்பின் நிழல்கூட இல்லை.

வெளியே வந்ததும் அக்காவிடம், "மூணு பேரும் போவோம்" என்றேன். அக்கா என் முதுகில் ஓங்கி ஓர் அடி வைத்தாள். அது சந்தோஷ அடி. தபாலாபீசுக்குப் போய் மூன்று பேர் வருகிறோம் என்று அம்மாவுக்குத் தந்தியும் கொடுத்தோம்.

திரும்பி வந்தபோது, கோவில் வாசலில் பிஸ்வாஸ் பாபு சுகியாவின் முகத்தை வெளிச்சத்துக்குத் திருப்பிக் கண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தார். "என் தாயாருக்கு இதே வெள்ளைதான். கண்புரை. ஆஸ்பத்திரியில் எடுத்துவிடுவார்கள்" என்றார். அவரே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய்க் காட்டியபோது, கிறிஸ்துமஸ் கழிந்ததும் அழைத்து வரும்படி டாக்டரும் சொன்னார்.

வங்காளிகள் கிறிஸ்துமசைப் பெரிய நாள் என்கிறார்கள். அன்று விடிந்ததும் கோவில் ஜனங்கள் மிருதங்கம் போன்ற 'கோல்' என்னும் மேளத்தையும் தாளத்தையும் தட்டிக்கொண்டு, செவ்வந்தி மாலைகளோடு தெருவில் கீர்த்தனம் பாடிப் போனார்கள். எங்கள் பஜனையில் ஒழுங்கு உண்டு. இவர்கள் பாட்டில் ஆட்டமும் உண்டு. தொப்பை குலுங்க ஆடின பிஸ்வாஸ் பாபுவைப் பார்த்து நானும் ஆடிவிட்டேன். முதலியார் மாடியிலிருந்து பார்த்துச் சிரித்தார்.

கோவில் முற்றத்தில் எல்லோருக்கும் பலகாரம் கொடுத்தபோது, சுகியாவுக்கு இந்தக் கதை தெரியும் என்று அக்கா சொல்லிவிட்டாள். பெண்கள் அவளைச் சூழ்ந்துகொண்டார்கள். இந்துஸ்தானி ஓரளவு எல்லோருக்கும் விளங்கியது. அக்கா எனக்குத் தமிழில் சொன்னாள். சுகியாவின் மரியாள் பிரசவ வலியோடு ஒவ்வொரு வீட்டுக் கதவாகத் தட்டினாள். சுகியாவின் மேய்ப்பர்கள் அவள் ஊர் இடையர்கள். பிள்ளைக்குப் பாலும், தாய்க்குப் பிரசவ மருந்துக்கு இஞ்சியும் கொண்டுவந்தார்கள். "இதெல்லாம் நான் சொல்லல, இவளாச் சேத்துக்கிட்டது" என்றாள் அக்கா. கடைசியில் சுகியா, ஆண்பிள்ளை பிறந்த வீட்டில் அவள் ஊர்ப் பெண்கள் பாடுகிற பாட்டை எடுத்தாள். மெல்லிய குரல். இரண்டாம் அடியில் வங்காளிப் பெண்கள் கைதட்டிச் சேர்ந்துகொண்டார்கள். பெத்லகேமில் தேவதூதர் பாடினார்கள் என்று எழுதியிருக்கிறது. பெண்கள் பாடியதாக எழுதவில்லை. பாடாமல் இருந்திருப்பார்களா?

கிறிஸ்துமஸ் கழிந்து மூன்றாம் நாள், பெத்லகேமில் கொல்லப்பட்ட குழந்தைகளுக்காக அழுகிற திருநாள் அன்று ஆஸ்பத்திரியில் ஒரு கண்ணுக்கு அறுவை. பயந்தது அக்காதான். வராந்தாவில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "செத்துருவாளாலே? நான்தானே போலாம்னு சொன்னேன்" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். சுகியா உள்ளே போகும்போது, "ஞானப்பூவுக்கு யாராவது டீ கொடுங்கள்" என்று சொல்லிவிட்டுப் போனாள். பிறகு கட்டுப் போட்ட கண்ணோடு அசையாமல் படுத்திருந்தாள். தனபாக்கியம் அம்மாள் தினமும் டிராமில் வந்து, தன் கையாலேயே அவளுக்குச் சோறு ஊட்டினார். டாக்டர் மட்டும், "நிச்சயமாக எதுவும் சொல்ல முடியாது" என்றே சொல்லி வந்தார்.

ஜனவரி ஆறாந்தேதி, பிரசன்னத் திருநாள் அன்று கட்டை அவிழ்த்தார்கள். காலையில் கோவிலில் கிழக்கிலிருந்து வந்த சாஸ்திரிகள் நட்சத்திரத்தைக் கண்டு மிகவும் சந்தோஷப்பட்டதைக் கேட்டுவிட்டு நேரே ஆஸ்பத்திரிக்கு வந்திருந்தோம். டாக்டர் பஞ்சை எடுத்தார். சுகியா கண்ணைச் சிமிட்டினாள். நீர் வழிந்தது. "வெளிச்சம்... எல்லாம் தண்ணீருக்குள் இருப்பதுபோல் இருக்கிறது" என்றாள். டாக்டர் தடித்த மூக்குக்கண்ணாடிச் சில்லு ஒன்றை அந்தக் கண்ணுக்கு முன்னால் பிடித்து, மெல்ல முன்னும் பின்னும் நகர்த்தினார்.

சுகியாவின் முகம் ஓரிடத்தில் நின்றது. கட்டில் ஓரத்தில் இருந்த அக்காவையே பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

"யார் இந்தக் கிழவி?" என்றாள் சுகியா. "என் ஞானப்பூவுக்குத் தலை கருகருவென்று இருக்குமே."

அக்கா வாய்விட்டுச் சிரித்தாள். சிரிப்பு பாதியில் அழுகையாக உடைந்தது. சுகியா டாக்டரின் கையிலிருந்த சில்லைத் தானே வாங்கிக் கண்ணோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். இன்னொரு கையால் அக்காவின் மோவாயைத் தொட்டு, ஜன்னல் பக்கம் வெளிச்சத்துக்குத் திருப்பி, "அழாதே. அசையாமல் இரு. நான் இன்னும் பார்த்து முடிக்கவில்லை" என்றாள்.